மரநாயைக் கூறு போட்ட கதை

துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த பிறகும் எங்கள் மலையில் வேட்டை நிற்கவில்லை, வாய்க்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரர் தொபியாஸும், மருந்துக்கடை எஸ்தாக்கியும், ஜீப் ஓட்டுகிற சின்னக்காளையும் எங்கள் முன்ஹாலில் வந்து உட்கார்ந்து, நான் போடுகிற காப்பியை ஏதோ குழாயைத் திறந்தால் வருவதுபோல வாங்கிக் குடித்துக்கொண்டே, கடமானைச் சுட்டார்கள், கேளையாட்டைச் சுட்டார்கள், போன வாரம் விழுந்த அதே காட்டுப்பன்றியை இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கொழுக்க வைத்து மறுபடியும் சுட்டார்கள். ரத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது, ரோமம் பொசுக்குகிற புகை கிடையாது, கறி கழுவுகிற வேலை எனக்குக் கிடையாது என்பதால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் கூறு போடுவதை மட்டும் அவர்கள் விடவில்லை. எங்கள் மலையில் வேட்டைக்கறியைத் தராசில் வைத்துப் பிரிக்கிற வழக்கம் இல்லை; சுட்டவனுக்குத் தொடை, முதலில் பார்த்தவனுக்குத் தலை, தூக்கி வந்தவனுக்கு முதுகு, மோப்பம் பிடித்த நாய்க்குக் குடல், ஊரில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் அவளுக்கு ஒரு கூறு, அவள் வயிற்றில் இருப்பதற்குத் தனியாக ஒரு கூறு, அதுவும் நெஞ்சுக்கறியாகப் பார்த்து. கறி போய்க் கதை வந்த பிறகு கதையையே அப்படிக் கூறு போட்டார்கள். தலையை வாங்கினவன் தன் வீட்டுக்குப் போய் அந்த மிருகம் பார்த்த பார்வையை மட்டும் சொல்லலாம், தொடையை வாங்கினவன் அது ஓடின ஓட்டத்தை மட்டும் சொல்லலாம், முதுகை வாங்கினவன் அதைச் சுமந்து வந்த பாதையைச் சொல்லலாம். அடுத்தவன் கூற்றைத் தொட்டால் சண்டை. எஸ்தாக்கிக்கு விழுந்த ஒரு தலையைச் சின்னக்காளை தன் மச்சினனிடம் சொல்லிவிட்டான் என்று இரண்டு பேரும் ஒரு தவக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். வளர்ந்த ஆண்பிள்ளைகள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எங்கள் ஒரே மகள் ஆக்னஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், திண்டுக்கல்லில் மாமியார் வாயில் விழுந்து எழுந்து, வேளாங்கண்ணிக்கும் டாக்டரிடமும் மாறி மாறி நடந்து தங்கினது அந்தப் பிள்ளை. வேட்டைக்காரர்களுக்கோ வேறு சந்தோஷம்: கூறு போடுகிற வீட்டிலேயே ஒரு பிள்ளைத்தாய்ச்சி. வாராவாரம் ஏதாவது ஒரு மிருகத்தின் நெஞ்சை அவள் வயிற்றுக்கு நேரே குனிந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

கதைகள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பன்றியும் எல்லா மானும் பலமுறை செத்து ஓய்ந்த பிறகு, தொபியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது என்றார். சோலைக்காட்டில் தனியாகப் போனபோது, பட்டுப்போன மரத்தின் கிளையில் ஒரு மரநாய் நின்றதாம். காப்பிப் பழம் தின்னுமே அந்தப் புனுகுப்பூனையா என்று எஸ்தாக்கி கேட்டதற்கு இவருக்கு முகம் சிவந்துவிட்டது. புனுகுப்பூனையும் இல்லை, கீரியும் இல்லை, நீர்நாய்க்குச் சித்தப்பன் மகன், உடம்பெல்லாம் கருப்பு, தொண்டையிலிருந்து நெஞ்சுவரை மஞ்சள் அப்பினதுபோல, அது நின்று இவரையே பார்த்தது, இவர் ரெட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கப் போகிற நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது, இறங்கின பனி ஏறவில்லை, இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அது இன்னும் அந்தக் கிளையில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

புதுக் கதை கிடைத்த வேகத்தில் அவர்கள் உடனே கூறு போட்டார்கள். தலை எஸ்தாக்கிக்கு, முதுகு சின்னக்காளைக்கு, தொடை இவருக்கு. "நெஞ்சு, மஞ்ச நெஞ்சு, என் பேரனுக்கு" என்று இவர் ஆக்னஸின் வயிற்றைப் பார்த்துச் சொன்னபோது உள்ளே பிள்ளை உதைத்தது. அவள் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மழை தொடங்கின வாரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில், ஆக்னஸுக்கு மரநாய் பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, கண் திறக்கவில்லை, தொண்டையில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. டாக்டர் சிஸ்டர் அதைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, ஆண், சுகப்பிரசவம், தலை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதிர்ச்சியில் பாதி அந்தக் குட்டியைப் பார்த்து வந்தது. மீதிப் பாதி, அந்த வார்டில் வேறு ஒருவருக்கும் அதிர்ச்சி வரவில்லை என்பதைப் பார்த்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, நிறம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் பையனுக்கு நிறம் எதற்கு என்றாள். மருமகன் கிளமெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கழுத்து எங்க அப்பா கழுத்து, அத்தை" என்றார். ஆக்னஸ் அதை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள், அது குடித்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊர் அதைவிடச் சுலபமாக விழுங்கியது. குளிப்பாட்ட வந்த அம்மாள், எல்லாப் பிள்ளைக்கும் மூக்கைப் பிடித்து நீவி எடுக்க வேண்டும், இதற்கு அந்த வேலையே வைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். அங்கன்வாடி டீச்சர் தராசில் போட்டுப் பார்த்து எடை குறைவு என்று சத்துமாவு கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அதே மூச்சில், எங்க கோழிகளை மட்டும் தொடாம இருக்கச் சொல்லுங்க அக்கா என்றாள். பங்குச்சாமியார் ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பிஷப் வீட்டுக்கு எழுதிக் கேட்டார். பதில் வரும்வரைக்கும் பொங்கலன்று மாட்டையும் டிராக்டரையும் மந்திரிப்பாரே, அந்தக் கணக்கில் தீர்த்தம் தெளித்து, இஞ்ஞாசி என்று பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டர், மடியில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு அதன் காதைத் தடவிவிட்டுப் போனான். நான் மட்டும், வாய் பிளந்தது பிளந்தபடி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பல் முளைத்ததும் அதற்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. காட்டைக் கரைத்துக் குடித்த மூன்று பேர் வீட்டில் இருக்கும்போது என்ன கவலை என்று ஆக்னஸ் அவர்களைக் கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது. செத்த மரநாயைப் பற்றிச் சந்தேகம் என்றால் இவர்களிடம் கேட்கலாம், தோலை எப்படி உரிப்பது, வாலை எப்படிக் காயவைப்பது, எல்லாம் விரல் நுனியில். உயிரோடு இருக்கிற மரநாயைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பார்ப்பதற்கும் விசையை அழுத்துவதற்கும் நடுவில் இருக்கிற அந்தக் கண்ணிமைப்பு நேரம்தான். பகலெல்லாம் தூங்கும் என்றார் எஸ்தாக்கி. அது கோயில் மணிக்கு எங்களோடு எழுந்து, விளக்கு வைக்கும்வரை திரைச்சீலைக் கம்பியில் ஓடிவிட்டு, எங்களோடு தூங்கியது. எலிதான் உசுரு என்று சின்னக்காளை ஒரு எலியைக் கொண்டுவந்து போட்டான். அது எலியைப் பார்த்தது, சின்னக்காளையைப் பார்த்தது, அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேனும் பப்பாளியும் முட்டையும் சில்வண்டும் பிடிக்கும் என்பதை ஆக்னஸ்தான் கண்டுபிடித்தாள். மூன்று பேரும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

அப்படியே போயிருக்கும். சம்பந்தியம்மா ரோசலி வெள்ளி அரைஞாணோடு வந்து இறங்கினாள். அரைஞாணை அதன் இடுப்பில் கட்டினாள், முத்தம் கொடுத்தாள், குறை சொல்ல முடியாது, பிறகு அடுப்படிக்கு வந்து என் முன்னால் நின்று, சீரில் கொடுத்த குக்கரில் ஓட்டை இருந்தால் கேட்கிற குரலில் கேட்டாள்: "இத எப்பச் சரி பண்ணித் தரப் போறீங்க?"

அன்றைக்கு ரோசலி அழுத அழுகையில்தான் சின்னக்காளைக்கு ஞாபகம் வந்தது. விழுந்த மிருகத்தின் கண்ணை ஒரு புல்லால் தொட்டுப் பார்ப்பார்கள்; இமை அசையவில்லை என்றால்தான் கத்தியை எடுப்பார்கள், உயிர் அடங்காததைக் கூறு போடுவது எங்கள் மலையில் இல்லாத வழக்கம். கதையிலும் அதை விட்டதில்லை, "சுட்டேன், கண்ணு இமைக்கல" என்று சுட்டவன் சொன்ன பிறகுதான் பிரிப்பார்கள். அந்த மரநாய்க் கதையில் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, அது சாகவில்லை, பனிக்குள் நின்றுகொண்டிருந்தது.

"உசுரோட இருந்ததக் கூறு போட்டுட்டமேய்யா" என்றான் சின்னக்காளை. "உசுரோடயே போய் இறங்கிருச்சு."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கதையை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். பனியை விலக்கி, அதைச் சுட்டு, முறைப்படி கூறு போட்டால் வயிற்றுக்குப் போனது வெறும் கூறுதான் என்று ஆகிவிடும், வயிற்றில் இருந்த பிள்ளை பிள்ளையாக வந்துவிடும். எஸ்தாக்கி இதை மருந்துச்சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னார். கிளமெண்ட் தரையைப் பார்த்தார். பேரன் முகத்தைப் பேரன் முகமாகப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை, நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆக்னஸ் குட்டியை மடியில் வைத்து நடுஹாலில் உட்கார்ந்து, "அவனுக்கு வலிக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். வலிக்காது என்றார் தொபியாஸ். வேட்டைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடுபனி விலகியது என்றார். மடியில் இருந்தது காதை விறைத்தது. பட்டுப்போன மரம் தெரிந்தது, கிளை தெரிந்தது, கிளையில் அது நின்ற இடத்திலேயே நின்றது என்றார். மடியில் இருந்ததன் மூஞ்சி உள்ளே வாங்கிக் கன்னம் உருண்டது. ரெட்டைக்குழலைத் தூக்கினேன் என்றார். கொடியில் காய்கிற துணியை யாரோ உருவினதுபோல ரோமம் உடம்பைவிட்டு விலகியது. தோளில் அணைத்தேன் என்றார். பிஞ்சுக் கைகள் வந்தன, விரல் விரலாக, அரிசி மாதிரி நகத்தோடு. ரோசலி தோத்திரம் தோத்திரம் என்று முட்டிபோட்டாள். கிளமெண்ட் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினார். மஞ்சள் நெஞ்சுக்குக் குறிவைத்தேன், மூச்சை அடக்கினேன், விரலை விசையில் வைத்தேன் என்றார், மடியில் என் பேரன் கிடந்தான், கிளமெண்டின் நெற்றியும் எங்கள் ஆக்னஸின் வாயுமாக, எங்கள் வம்சத்தில் யார் பார்த்தாலும் நம்முடையது என்று சொல்லும்படியான பிள்ளை.

எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் நெஞ்சைப் பார்த்தேன். அது ஏறி இறங்கவில்லை. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முறைப்படி கூறு போட வேண்டுமானால் முதலில் அது செத்திருக்க வேண்டும் என்பதை, அத்தனை முறையும் அத்தனை வழக்கமும் பேசினவர்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. கதை சொல்கிறவர் கண் திறக்கவில்லை, அவருக்கு மரநாய்தான் தெரிந்தது, கடைசி வார்த்தைக்காக வாயைத் திறந்து "சு" என்றார்.

நான் பாய்ந்து என் உள்ளங்கையால் அவர் வாயை அடைத்தேன். சுடச்சுட ஏதோ ஒன்று கையில் வந்து மோதியது. "முழுங்குங்க" என்றேன். "அந்த வார்த்தைய முழுங்குங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு மடியில் கிடந்த நீலத்தைப் பார்த்தார். விழுங்க முடியவில்லை, தலையை அசைத்தார். ஆனால் உதட்டை மூடினார். பிள்ளையின் நெஞ்சு ஒருமுறை ஏறியது. பிறகு இறங்கியது. பிறகு அந்த வீட்டையே கிழிக்கிற மாதிரி ஒரு அழுகை.

கதை நின்ற இடத்தில் பிள்ளையும் நின்றுவிட்டான். கை கால் முகம் எல்லாம் மனுஷப் பிள்ளை, தொண்டையில் மஞ்சள் போகவில்லை, முதுகுத்தண்டு நெடுக ஒரு கோடு கருப்பு ரோமம், வாலும் போகவில்லை. ரோசலி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, ஆக்னஸும் பிள்ளையும் எங்களோடேயே இருந்துவிட்டார்கள். டெய்லர் டவுசரில் பின்னால் ஒரு பொத்தான்துளை வைத்துக் கொடுத்தான். கான்வென்ட்டில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர், வால் யூனிஃபார்முக்கு உள்ளே இருக்க வேண்டும், மரத்தில் ஏறினால் ஃபைன் என்று இரண்டே நிபந்தனை போட்டார்.

தொபியாஸ் அன்றைக்கு மூடின வாயைப் பேச்சுக்காகத் திறக்கவில்லை. வேறு ஏதாவது பேசலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரிதான் வாயில் வார்த்தைகள் நிற்கும் போலிருக்கிறது. முன்னால் நிற்பது போகாமல் பின்னால் இருப்பது வராது. கிளமெண்ட் சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். இவர் காப்பி கேட்க நினைத்துக் கையை வைத்தார், பலப்பம் தானாக "சு" போட்டது, தோட்டத்தில் இருந்த இஞ்ஞாசிக்குப் புரையேறியது, சிலேட்டை முழங்காலில் அடித்து உடைத்துப் போட்டார். கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்தினவள் நான். மூடின வாய்க்கு முன்னால் உட்கார்ந்து, அரிசி விலையிலிருந்து பங்குச்சாமியார் பிரசங்கம் வரைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

சின்னக்காளையும் எஸ்தாக்கியும் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. சொல்ல எதுவும் இல்லாததால் யாரிடமோ ஒரு பைனாகுலரை இரவல் வாங்கிச் சோலைக்குப் போய், மரத்தடியில் மணிக்கணக்காக உட்கார்ந்து, பார்த்ததை வந்து இஞ்ஞாசியிடம் சொன்னார்கள்: தேன்கூட்டில் தலையை விட்டுத் தும்மினது, இரண்டு மரநாய் மழையில் ஒன்றையொன்று துரத்தி விளையாடினது, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பொந்திலிருந்து இன்னொரு பொந்துக்குத் தாய் மாற்றினது. எதுவும் சாகாததால் யாருக்கும் கூறு கிடையாது, யார் வேண்டுமானாலும் முழுதாகச் சொல்லிக்கொள்ளலாம். இவர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், பேரன் அவர் தோளில் வாலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

காப்பிப் பழம் பறிக்கிற மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள், நெஞ்சுச்சளி என்றார்கள், டாக்டர் சிஸ்டர் வந்து பார்த்து, இனி ஜெபம்தான் என்று என் தோளைத் தொட்டார். நினைவு இருந்தவரைக்கும் உதடு தையல் போட்டது மாதிரி இருந்தது. காலையில் காய்ச்சல் ஏறினதும் நினைவு விட்டு விட்டு வந்தது, நினைவு விட்டபோதெல்லாம் உதடு பிரிந்து கூடியது. பீரோ மேல் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி, உதடு பிரிந்தபோதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். "தாத்தா என்னமோ சொல்ல வர்றாரு அம்மாச்சி" என்றான். ஆக்னஸ் என்னைப் பார்த்தாள்.

சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலுக்குப் பங்குச்சாமியார் வந்தார். கடைசிப் பாவசங்கீர்த்தனமாக, செய்த பாவங்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். தொபியாஸ் நினைவுக்கு வந்து, சிலுவையைப் பார்த்து, உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையை அசைத்தார். எங்கள் ஆட்கள் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் சாவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாமியாருக்கும் விஷயம் தெரியும். "வாயத் திறக்க வேணாம், நான் கட்டளைகளச் சொல்றேன், நீங்க தலைய மட்டும் அசைங்க" என்றார். ஒவ்வொன்றுக்கும் அசைத்தார், பொய்க்கு ரொம்பவே அசைத்தார். கொலை செய்யாதிருப்பாயாக என்ற இடத்தில் ஆமாம் என்றும் அசைக்கவில்லை, இல்லையென்றும் அசைக்கவில்லை, பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு மன்னிப்பைச் சொல்லி எண்ணெய் பூசினார்.

சாமியார் வெளியே போனதும் காய்ச்சல் மறுபடி ஏறியது. உதடு பிரிந்தது. உள்ளே நாக்கு எழும்புவது தெரிந்தது. பீரோ மேல் பையன் உதடு நீலமாவதும் தெரிந்தது. நான் காத்திருக்கிற ஜாதி இல்லை. அலமாரியில் இருந்த வெள்ளை வேட்டியின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். தாடைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கன்னத்தையும் அணைத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு இறுக்கினேன், எங்கள் பக்கம் உயிர் போன பிறகு கட்டுகிற கட்டு, அவருக்கு உயிர் இருந்தது. முடிச்சு விழுந்ததும் அவருக்கு நினைவு வந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினார், அவிழ்க்கத்தான் தூக்குகிறார் என்று நினைத்தேன், ஆனால் அந்தக் கை போய் முடிச்சைத் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அந்த மூச்சு நின்றது.

எங்கள் பங்கில் யார் செத்தாலும் தாடை கட்டிவிடுவது எஸ்தாக்கிதான், மருந்துக்கடையிலிருந்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிச் சுருளோடு வந்துவிடுவார். வந்தவர் கட்டைப் பார்த்தார். குனிந்து தாடையில் துணி பதிந்திருந்த இடத்தைப் பார்த்தார், அங்கே தோல் சிவந்திருந்தது. செத்த உடம்பு அப்படிச் சிவக்காது, இத்தனை பேருக்குக் கட்டினவருக்கு அது தெரியும்.

"எப்பக் கட்டுனீங்க மதினி?"

"நேரத்தோட கட்டிட்டேன்" என்றேன்.

அவர் சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே சவுக்கு மரத்து உச்சியிலிருந்து, சாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிய கூச்சமே இல்லாமல், இஞ்ஞாசி பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான்.